அம்மா குடிக்காத சாயத்தண்ணி

எங்கள் அம்மா தேயிலை மலையில் பிறந்தவள். இடுப்பு வளைந்து போகும்வரை கொழுந்து பறித்தவள். இன்றைக்கும் கதவைத் திறந்தால் தேயிலைச் செடிதான் முகத்துக்கு நேரே நிற்கும், அப்படியொரு லயத்துக் காம்பராவில், தோட்டத்து வரிசை வீட்டின் ஓர் அறையில், இருக்கிறாள். ஆனால் தேத்தண்ணி குடிக்கமாட்டாள்.

காலையில் அம்மாவும் டம்ளரை எடுத்துக்கொண்டு வாசல் படியில் உட்காருவாள். ஊதி ஊதித்தான் குடிப்பாள். கிட்டப் போய்ப் பார்த்தால் வெறும் சுடுதண்ணி. யார் வீட்டுக்குப் போனாலும், “எனக்கு ஆகாதுங்க” என்று டம்ளரைத் தள்ளி வைத்துவிடுவாள். வயிற்றுப் புண் என்று ஊரில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் விடுவேனா? “எங்கம்மா தோட்டத்துக்கு அவ்வளவு விசுவாசம். பறிச்ச கொழுந்துல ஒரு இலைகூட வீட்டுக்கு இல்ல, அம்புட்டையும் வெளிநாட்டுக்கே அனுப்பிட்டாங்க” என்று வந்தவர்களிடம் சொல்லிச் சிரிப்பு மூட்டுவேன். வந்தவர்கள் சிரிப்பார்கள். அம்மா டம்ளரைப் பார்த்துக்கொண்டு இருப்பாள்.

காரணம் எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததனால்தான் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

எனக்கு ஒரு அண்ணன் இருந்தான். தோட்டத்தில் பேர் பதிந்து வேலைக்குப் போகத் தொடங்கிய புதிது. மெலிந்த உடம்பு, ஆனால் சாயத்தண்ணி மட்டும் மாடு குடிப்பது போலக் குடிப்பான். எங்கள் பக்கம் பால் ஊற்றாத தேத்தண்ணியைச் சாயத்தண்ணி என்போம். உள்ளங்கையில் கொஞ்சம் சீனியைக் கொட்டிக்கொண்டு, ஒரு நக்கு, ஒரு மடக்கு. அப்படித்தான் அவன் குடிப்பான். ஒருநாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மலையிலிருந்து இறங்கி வந்தான். தோட்டத்து மருந்துக்காரர் துண்டுச் சீட்டு எழுதிக் கொடுத்தார். லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். குடல்வால் வீங்கியிருக்கிறது, வெட்டி எடுக்க வேண்டும் என்றார்கள். வாயில் ஒன்றும் கொடுக்கக் கூடாது என்றும், வயிற்றில் ஏதாவது இருந்தால் அது மேலே வந்து சுவாசப்பைக்குள் போய் மூச்சு நின்றுவிடும் என்றும் தாதி ஒருவர் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்.

அம்மா அதைக் கேட்டுக்கொண்டாள். ஆனால் எங்கள் சனத்தில் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போனாலும் சரி, சாவு வீட்டு மையத்துக்குப் போனாலும் சரி, ஒரு மடக்குச் சாயத்தண்ணி குடிக்காமல் யாரும் படி இறங்கமாட்டார்கள். வெறும் வாயோடு ஒருத்தரை அனுப்புவது பெரிய பாவம். அண்ணன் கட்டிலில் புரண்டுகொண்டு, “தொண்ட காயுதும்மா” என்றான். அம்மா சுற்றிலும் பார்த்தாள். ஃபிளாஸ்க் மூடியில் பாதி ஊற்றிக் கொடுத்தாள். அவன் குடித்தான். அதற்குப் பிறகு அவனை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள்.

கத்தி வைப்பதற்கு முன்பே மூச்சு நின்றுவிட்டது என்று அப்பாவிடம் சிங்களத்தில் சொன்னார்களாம். அப்பாவுக்குத் தெரிந்த சிங்களத்துக்கு அதுவே போதுமாக இருந்தது. திருப்பிக் கேட்பதற்குப் போதவில்லை.

அன்றைக்கு அம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டு, “நாந்தானே ஊத்துனேன், நாந்தானே ஊத்துனேன்” என்று கத்தியது லயத்தின் கடைசிக் காம்பரா வரைக்கும் கேட்டது. அவனை எடுத்து அடக்கம் முடித்துத் திரும்பி வந்ததும், “இந்தப் பேச்ச இனி யாரும் எடுக்கக் கூடாது” என்றார் அப்பா. ஒரு வார்த்தை அவளைக் குற்றம் சொன்னதில்லை. ஆனால் சாகும்வரை தன்னுடைய சாயத்தண்ணியை வாசலுக்கு வெளியே நின்று, மலையைப் பார்த்துக்கொண்டுதான் குடித்தார்.

தீபாவளிக்குச் செத்தவர்களுக்குப் படையல் வைப்போம். யாருக்கு என்ன பிடிக்குமோ அதை வைப்போம். அப்பாவின் இலையில் சோறு, கோழிக் குழம்பு, வடை, பக்கத்தில் ஒரு டம்ளர் சாயத்தண்ணி. அண்ணனின் இலையில் எல்லாம் அதே. டம்ளரில் மட்டும் சுடுதண்ணி.

இனி என் விஷயம்.

நான் கொட்டகலைக் கடைவீதியில் மைக் செட் வைத்திருக்கிறேன். கலியாணம், சடங்கு, திருவிழா, மையம் எதுவானாலும் ஸ்பீக்கர் பொக்ஸ் கட்டுவது நான்தான், அறிவிப்பதும் நான்தான். பேச்சுத்தான் தொழில் என்பதால் சும்மா இருக்கும்போதும் வாய் நிற்காது. அடிவயிற்றில் ஒரு வீக்கம் இருந்தது. பொக்ஸ் தூக்கினால் வெளியே வரும், கையால் அமுக்கினால் உள்ளே போகும். ஹேர்னியா, வெட்ட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். வெட்டு என்று கேட்டதுமே எனக்கு வீக்கமே சரியாகிவிட்டது போலத் தோன்றும். அப்படியே தள்ளி வைத்துக்கொண்டு வந்தேன்.

போன வருஷம் பக்கத்துத் தோட்டமொன்றில் சடங்கு வீடு. பெரிய பொக்ஸைத் தூக்கி வைத்தேன். வீக்கம் வெளியே வந்தது. அமுக்கினேன், போகவில்லை. இன்னும் அமுக்கினேன், கல் மாதிரி நின்றது. மைக் கையில் இருந்தது, பந்தி தயார் என்று அறிவிக்க வேண்டும். “அன்பார்ந்த உறவினர்களே” என்று தொடங்கி, அடுத்ததாக என் வாயிலிருந்து வந்தது மாடு கன்று போடும்போது வருகிற சத்தம். நான்கு பொக்ஸிலும் மலை முழுக்கக் கேட்டது. நான் மிமிக்ரி செய்கிறேன் என்று சனம் கைதட்டியது. வாந்தி எடுத்த பிறகுதான் தட்டுவதை நிறுத்தினார்கள்.

வேன் பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். குடல் சிக்கியிருக்கிறது, உடனே வெட்ட வேண்டும் என்று முடிவாகிவிட்டது. மயக்க மருந்து டாக்டர் ஒரு யாழ்ப்பாணத்துப் பெண். சின்ன வயது, மெல்லிய குரல். என் மனைவி பக்கத்தில் நின்றாள்.

“கடைசியா எப்ப, என்ன சாப்பிட்டனீங்கள்?”

இந்தக் கேள்விக்காகத்தான் நான் பிறந்ததே என்பது போலச் சொல்ல ஆரம்பித்தேன். காலையில் ரொட்டி, கட்ட சம்பல், சாயத்தண்ணி. சடங்கு வீட்டில் வடை, இன்னொரு வடை, கேசரி, பால் தேத்தண்ணி, பிறகு வந்தவர் யாரோ நீட்டிய வெற்றிலை. கோயில் தீர்த்தம் ஒரு கை.

“போதும் ஐயா, விளங்குது.”

“பல்லு வெளக்கும்போது பேஸ்ட்டு கொஞ்சம் உள்ள போயிருக்கும்ங்க டாக்டர்.”

“பேஸ்ட்டை விடுங்கோ.”

“வரும்போது வேன்ல ஒரு இஞ்சி டொபி…”

“ஏங்க, வாய மூடுங்க,” என்றாள் என் மனைவி. “டாக்டர், அவரு பயந்துட்டா இப்பிடித்தான். நம்ம கல்யாணத்தன்னிக்கும் ஐயரைப் பேச விடலை.”

டாக்டர் சிரித்துவிட்டு அடுத்ததைக் கேட்டார். “உங்கட குடும்பத்தில ஆருக்காவது மயக்க மருந்து குடுத்து ஏதும் பிரச்சினை வந்ததோ?”

“அப்பிடி ஒண்ணும் இல்லைங்க,” என்றேன். என் மனைவியும், “இல்லைங்க,” என்றாள். அவள் என் அம்மாவின் அண்ணன் மகள், எங்கள் குடும்பம்தான் அவளுக்கும்.

நாங்கள் இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் மயக்க மருந்தால் யாருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. அண்ணன் சாயத்தண்ணியால் செத்தவன். அது எங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்த விஷயம். அந்தச் சாயத்தண்ணிக்குப் பயந்துதான் டொபி வரைக்கும் கணக்குக் கொடுத்தேன்.

“டாக்டர், வயித்துல இருக்கிறது மேல வந்துருமா?” என்று கேட்டேன்.

“அதுக்குத்தானே கெதியா வேலை செய்யிற மருந்து ஒண்டு குடுக்கிறம். வயிறு நிறைஞ்ச ஆக்களுக்கு அதுதான் நல்லம். ஒரு நிமிஷத்தில தசையெல்லாம் தளர்ந்திடும், உடன தொண்டைக்குள்ள குழாய் வச்சு வழியை அடைச்சிடுவம். கொஞ்ச நேரத்தில மருந்து தானாக் கரைஞ்சு போயிடும். பயப்பிடாதேங்கோ.”

உள்ளே போனதும் கையில் வெள்ளையாக ஏதோ ஒன்றை ஏற்றினார்கள். “பால் தேத்தண்ணி ஊசியிலயும் வருதா?” என்று கேட்டேன். யாராவது சிரித்தார்களா என்று தெரிந்துகொள்வதற்குள் தூங்கிவிட்டேன்.

விழித்தபோது முதலில் வந்தது சத்தம். டிங், டிங் என்று ஒரு மெஷின். தட்டில் இரும்புச் சாமான் போடுகிற சத்தம். யாரோ சிங்களத்தில், “தாம ஹுஸ்ம கன்னே நே” என்றார்கள். இன்னும் மூச்சு எடுக்கவில்லை என்று அர்த்தம். அடப் பாவமே, யாரோ ஒருத்தன் மூச்சு விடவில்லை, நம் பக்கத்துக் கட்டிலோ என்று நினைத்தேன். எட்டிப் பார்க்கலாம் என்று கண்ணைத் திறக்கப் போனேன். கண் திறக்கவில்லை.

இமை ஒரு பெரிய பாரமா? அதைத் தூக்க முடியவில்லை. விரலை அசைக்கப் பார்த்தேன். விரல் எங்கே இருக்கிறது என்று தெரிந்தது, ஆனால் அது யாருடைய விரலோ போலக் கிடந்தது. வாயில் குழாய். நெஞ்சு தானாக ஏறியது, தானாக இறங்கியது. ஏற்றுவது நான் இல்லை. அப்போதுதான் புரிந்தது, அந்த மூச்சு விடாத பாவி நான்தான் என்று.

வெட்டிய இடம் எரிந்தது. கத்தினேன். உள்ளுக்குள்தான். நாற்பது மைலுக்குக் கேட்கிற மாதிரிப் பேசுகிறவன், எனக்குள்ளேயே கத்தினேன், எனக்கு மட்டுமே கேட்டது. குலதெய்வத்துக்கு ஒரு ஆடு நேர்ந்தேன். பதில் இல்லை. இரண்டாக்கினேன். அப்புறம், என் செட்டை இனிமேல் கோயிலுக்கு வாடகை வாங்காமல் தருகிறேன் என்றேன். இவ்வளவு பயத்திலும், என் மையத்துக்குப் பொக்ஸ் கட்டப் போவது எதிர்க்கடைக்காரன்தான், அவனுடைய செட் கரகரக்குமே என்று ஒரு கவலை வந்தது. சிரிப்பு வந்திருக்க வேண்டும். சிரிக்கவும் தசை வேண்டும்.

அப்புறம் சிரிப்பு போயிற்று. ஏனென்றால் அந்த இடத்தில், அந்த இருட்டில், அண்ணனின் ஞாபகம் வந்தது. கத்தி வைப்பதற்கு முன்பே மூச்சு நின்றுவிட்டது. முன்பே. அப்படியானால் அவனும் இப்படித்தான் கிடந்தானா? நான் பக்கத்துக் கட்டில் என்று நினைத்தவன் அவன்தானா?

என் கண்ணில் தண்ணீர் வந்திருக்கிறது. நாடி தறிகெட்டு ஓடியிருக்கிறது. அந்த யாழ்ப்பாணத்து டாக்டர்தான் அதைக் கண்டுபிடித்தார். என் நெற்றியில் கை வைத்து, காதுக்குப் பக்கத்தில் குனிந்து பேசினார்.

“ஐயா, நான் கதைக்கிறது உங்களுக்குக் கேக்குதெண்டு நினைக்கிறன். ஒபரேசன் முடிஞ்சுது. தளர்த்திற மருந்து உங்களை இன்னும் விடேல்லை, அவ்வளவுதான். மெஷின் உங்களுக்காக மூச்சு விடுது. நான் இஞ்சதான் நிக்கிறன், எங்கையும் போகமாட்டன். இப்ப திரும்ப நித்திரையாக்கிறன்.”

என் ஆயுசில் எவ்வளவோ பேரின் பேச்சைப் பெருக்கி ஊருக்கே கேட்க வைத்திருக்கிறேன். அந்த அளவுக்கு மெதுவாகப் பேசிய பேச்சு ஒன்றும் எனக்கு அவ்வளவு பெரிதாகக் கேட்டதில்லை.

மறுபடி எழுந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. மூச்சு என்னுடையதாக இருந்தது. உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி வலித்தது.

அடுத்த நாள் டாக்டர் வந்து கட்டில் பக்கத்தில் நின்று விளக்கினார். அவர் சொன்னதை நான் என் தொழிலுக்குள் கொண்டுவந்துதான் விளங்கிக்கொண்டேன். மூளைதான் மைக். நரம்பு வயர். தசை பொக்ஸ். வயர் முடிகிற இடத்தில் ஒரு பின் இருக்கிறது, தசையில் ஒரு சொக்கெட் இருக்கிறது. பின் போய்ச் சொக்கெட்டில் குத்தினால் தசை வேலை செய்யும். இந்த மருந்து அந்தப் பின்னைப் போலவே இருக்கிற ஒரு பொய்ப் பின். முந்திக்கொண்டு போய்ச் சொக்கெட்டில் ஏறி உட்கார்ந்துவிடும். முதலில் பொக்ஸ் ஒருதரம் கரகரக்கும். தசை துடிப்பது அதுதான், மறுநாள் வலியும் அதனால்தான். பிறகு பொக்ஸ் செத்துவிடும். நிஜப் பின் வந்தாலும் நுழைய இடமில்லை. ஆனால் மைக்குக்கு ஒன்றும் ஆகாது. அது பாட்டுக்குக் கேட்டுக்கொண்டும் கத்திக்கொண்டும் இருக்கும். மைக்கைத் தூங்க வைப்பது வேறு மருந்து.

“அப்ப இதயம், டாக்டர்? அதுவும் தசைதானே?”

“அதின்ர வயரிங் வேற. அது நிக்காது.”

இதே வேலையைச் செய்கிற இன்னொரு வகை மருந்தும் இருக்கிறதாம். அது கரகரப்பில்லாமல் சொக்கெட்டை மூடி வைக்கும், வேலை முடிந்ததும் மாற்று மருந்து போட்டு எடுத்துவிடலாம். அதன் மூத்த தலைமுறை, தூர தேசத்துக் காட்டில் வேட்டைக்காரர்கள் அம்பு நுனியில் தடவிய கொடிச்சாறாம். எனக்குக் கொடுத்த மருந்துக்கு மாற்று மருந்து தேவையில்லை. ரத்தத்திலேயே ஒரு வேலையாள் இருக்கிறான், அவன் வந்து பொய்ப் பின்னையெல்லாம் நறுக்கிப் போட்டுவிடுவான். சில நிமிஷத்தில் காரியம் முடியும். சில பேருக்கு மட்டும் அந்த ஆள் பிறவியிலேயே கையாலாகாதவன். பின் அப்படியே கிடக்கும், மணிக்கணக்காக.

“மெஷினில வச்சு மூச்சுக் குடுத்தால் ஒண்டும் ஆகாது, அது மெல்ல மெல்லக் கரையும்,” என்றார். “மூச்சுக் குடுக்க ஏலாமல் போனால்தான்…”

நான் அண்ணனின் கதையைச் சொன்னேன். சாயத்தண்ணியையும் சொன்னேன். எங்கள் வீட்டுக்கு வெளியே அதை நான் சொன்னது அதுவே முதல் தடவை.

“நேற்று நான் கேட்டனே ஐயா.”

“நீங்க மயக்க மருந்தப் பத்தித்தானே கேட்டீங்க.”

அவருக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

“இது சொந்தத்துக்குள்ள வாறது. தாயிட்டையும் தகப்பனிட்டையும் இருந்து வந்தால்தான் இவ்வளவு மோசமாகும். உங்கட அம்மா அப்பா சொந்தமோ?”

“அத்த மகன், மாமா மகள்.”

“ம். உங்கட அண்ணாவுக்கு என்ன மருந்து குடுத்தவையோ, அங்க என்ன வசதி இருந்ததோ, எனக்குத் தெரியாது. உறுதியாச் சொல்லேலாது. ஆனால் பெரும்பாலும் இதாத்தான் இருக்கும். அம்மா தேத்தண்ணி குடுத்ததை அண்டைக்கே சொல்லியிருந்தாலும் இந்த மருந்தைத்தான் குடுத்திருப்பினம். வயிறு நிறைஞ்ச ஆக்களுக்கு இதைத்தானே குடுக்கிறது.”

ரத்தத்தைக் கொழும்புக்கு அனுப்பினார்கள். சந்தேகம் சரி என்று பதில் வந்தது. எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் இதைக் காட்ட வேண்டும் என்று ஒரு அட்டை கொடுத்தார்கள். லெமினேட் செய்து, அடையாள அட்டைக்கு முன்னால் வைத்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் பார்க்க வந்த சனத்துக்கு நான் என்ன சொன்னேன் தெரியுமா? மூச்சு விடாத பக்கத்துக் கட்டில்காரனின் கதையைத்தான். இமையைத் தூக்க முடியாமல் திணறினதை முகத்தில் நடித்துக் காட்டினேன். ஆடு ஒன்று, ஆடு இரண்டு என்று ஏலம் போட்டேன். கரகரக்கும் செட்டைச் சொன்னபோது காம்பராவே குலுங்கியது. அம்மா அடுப்படிக் கதவில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளும் சிரித்தாள் என்றுதான் நினைத்தேன். எனக்குப் பயம் வந்தால் அதை நாலு பேருக்குப் பங்கு வைக்காமல் தூக்கம் வராது. அண்ணனின் பேரை மட்டும் எடுக்கவில்லை.

அம்மாவிடம் சொல்ல வேண்டும், சாயத்தண்ணி இல்லை என்று சொல்லிவிட வேண்டும் என்பது மட்டும் நெஞ்சில் கிடந்து இடித்தது. மனைவியிடம் சொன்னேன்.

“அத்தைகிட்ட சொல்லுங்க, கட்டாயம் சொல்லுங்க,” என்றாள். உடனேயே, “அம்மாகிட்ட இருந்தும் அப்பாகிட்ட இருந்தும் வந்ததுன்னு மட்டும் சொல்லிறாதீங்க. சாயத்தண்ணிய எடுத்துட்டு அந்த எடத்துல ரத்தத்த வைக்கப் போறீங்களா?” என்றும் கேட்டாள்.

அது ஒன்று. டாக்டர் சொன்ன பெரும்பாலும் என்ற சொல் இன்னொன்று. அம்மாவுக்கு அரைகுறையாகச் சொன்னால் மிச்சத்தை அவள் சாயத்தண்ணியால் நிரப்பிக்கொள்வாள். மூன்றாவது, அண்ணனும் விழித்துக் கிடந்திருக்கக்கூடிய அந்த இருட்டு. இந்த மூன்றையும் விட்டுவிட்டுச் சொல்ல வேண்டும். எதை அறிவிப்பது, எதை விடுவது என்று தெரிந்தவன்தானே, இது பெரிய வேலையா என்று நினைத்தேன். போவேன். மழையைப் பற்றிப் பேசுவேன். சம்பளப் பேச்சுவார்த்தை, மரக்கறி விலை, உருளைக்கிழங்கு, எல்லாம் பேசுவேன். சுடுதண்ணியை ஊதும் சத்தம் கேட்டதும், “சரிம்மா, கடையில ஆளில்ல” என்று எழுந்து வந்துவிடுவேன்.

தீபாவளிக்கு முந்திய கிழமை ஒரு காலை, அம்மா வாசலில் உட்கார்ந்து போஞ்சிக்காய்க்கு நார் எடுத்துக்கொண்டிருந்தாள். நானும் உட்கார்ந்து ஒரு பிடி எடுத்துக்கொண்டேன்.

“அம்மா, அண்ணன் சாயத்தண்ணியால சாகலம்மா.”

அவள் கை நிற்கவில்லை. “யாரு சொன்னா?”

“டாக்டரம்மா.”

“அந்த யாழ்ப்பாணத்துப் புள்ளையா? அது அன்னிக்குப் பொறந்தே இருக்காதே.”

“மருந்தப் பத்திச் சொன்னாங்கம்மா. எனக்கு நடந்ததுதான் அவனுக்கும் நடந்துச்சு. அந்த மருந்து நம்ம ஒடம்புல கரையாது. எனக்கு மெஷின் இருந்துச்சு, அவனுக்கு இல்ல. அவ்வளவுதான்.”

“அப்ப நான் ஊத்துனது?”

“நீங்க ஊத்துனத அவங்ககிட்ட சொல்லியிருந்தாலும் அதே மருந்தத்தான் குடுத்திருப்பாங்களாம். குடிக்காமப் போயிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும்.”

“நெசமாவா?”

“நெசமாம்மா. நிச்சயமாச் சொன்னாங்க.”

கை நின்றது. மடியில் கிடந்த போஞ்சியைப் பார்த்தாள். எதிரே மலையில் யாரோ யாரையோ கூப்பிட்டார்கள். அழுவாள் என்று நினைத்து அடுத்த பேச்சைத் தயாராக வைத்திருந்தேன். அவள் அழவில்லை.

“அப்ப அது அவனுக்கு ஒண்ணும் செய்யல.”

“ஒண்ணும் செய்யல.”

“தொண்ட நனைஞ்சிருக்கும்ல?”

தலையை ஆட்டினேன்.

மறுபடி நார் எடுக்கத் தொடங்கினாள். முடிந்தது, தப்பித்தோம் என்று மூச்சை விட்டேன். அப்போது அவள் நிமிராமலே கேட்டாள்.

“அவன் தூக்கத்துலதானே இருந்தான்?”

“தூக்கம்தாம்மா. நல்ல தூக்கம்.”

“நீ முழிச்சுக்கிட்டுக் கெடந்தேன்னு சொன்னியே. எல்லாம் கேட்டுச்சு, கண்ணத் தொறக்க முடியலன்னு. அன்னிக்கு எல்லாரும் சிரிச்சாங்களே.”

கையில் இருந்த போஞ்சி ஒடிந்தது. நான் அண்ணனின் பேரை எடுக்கவில்லைதான். எடுக்கத் தேவையே இருக்கவில்லை. மூன்றாவதை நானே முதலில் அறிவித்திருந்தேன், நடிப்போடு, ஏலத்தோடு. அவள் அடுப்படிக் கதவில் சாய்ந்து நின்று கேட்டது என் கதையை இல்லை.

“அது வந்து… எனக்கு… நான் தூக்கத்துலயும் பேசுற ஆளும்மா. என் ஒடம்பு பெருசு. தூங்குற மருந்து எனக்குப் பத்தல.” என் குரல் எனக்கே கரகரத்தது.

அம்மா இப்போதுதான் என் முகத்தைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். நான் தாளாமல் குனிந்துகொண்டேன்.

“ஆமா,” என்றாள். “அவன் மெலிஞ்ச ஒடம்பு. அவனுக்கு அது போதுமா இருந்திருக்கும்.”

“போதும்மா. தாராளமாப் போதும்.”

“அப்பிடித்தான் இருக்கும்,” என்றாள். நான் ஒடித்துப் போட்ட போஞ்சியில் நார் விட்டுப்போனதை எடுத்து, திரும்பவும் என் முன்னால் வைத்தாள். “ஒழுங்கா எடு.”

அந்தக் கட்டில் கதையை நான் அதற்குப் பிறகு எங்கேயும் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டு வருகிறவர்களிடம், மறந்து போச்சு என்று சொல்லிவிடுவேன். நம்பமாட்டார்கள்.

தீபாவளியன்று காலை பெய்த மழையில் மலையே தெரியவில்லை. என் மனைவி சோறு, குழம்பு, வடை எல்லாம் இரண்டு இலையிலும் பரிமாறினாள். அப்பாவின் இலைக்குச் சாயத்தண்ணி வைத்தாள். அண்ணனின் டம்ளரை எடுக்கப் போனபோது, “நீ விடு புள்ள,” என்று சொல்லி அம்மா வாங்கிக்கொண்டாள்.

தேயிலைத் தூள் டப்பா எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. மனைவிதான் எடுத்துக் கொடுத்தாள். எவ்வளவு போடுவது என்றும் மறந்துபோயிருந்தது, சாயம் கறுப்பாக இறங்கியது. வாழை இலைத் துண்டு ஒன்றில் கொஞ்சம் சீனி கொட்டி, டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தாள். டம்ளரில் ஊற்றினாள். விளிம்புக்கு வந்தபிறகும் நிறுத்தவில்லை. இன்னும் ஒரு சொட்டு, இன்னும் ஒரு சொட்டு என்று, தொட்டால் வழியும் அளவுக்கு ஊற்றினாள்.

“அன்னிக்குப் பாதி மூடிதான் குடுத்தேன்,” என்றாள்.

கும்பிட்டு முடித்தோம். சோற்றையும் வடையையும் எல்லோரும் பகிர்ந்து சாப்பிட்டோம். அந்த டம்ளரை மட்டும் யாரும் தொடவில்லை. சிந்தாமல் தூக்க முடியாது. அம்மா தன்னுடைய டம்ளரில் சுடுதண்ணி ஊற்றிக்கொண்டு வாசல் படிக்குப் போனாள். நான் என் சாயத்தண்ணியை எடுத்துக்கொண்டு போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் சுடுதண்ணியை ஊதினாள், நானும் ஊதினேன்.